வண்டியின் நெற்றி: தேர், பஸ், சைக்கிள் – பெயர் எழுதுதலின் அரசியல் குறித்துச் சில குறிப்புகள்

1

நான் எழுத்துக்கூட்டி வாசித்த முதல் நீளமான சொல் 'கட்டபொம்மன்'. வாசித்தது பாடப்புத்தகத்தில் அல்ல, பஸ்ஸின் நெற்றியில். திருச்செந்தூர் – தூத்துக்குடி தடத்தில் காயல்பட்டினத்துக்குள் வந்துபோன அரசு பஸ்கள் அப்போது கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகத்தைச் சேர்ந்தவை. வாப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு நின்று, ஒற்றும் உயிர்மெய்யுமாக அந்தப் பெயரை உடைத்து உடைத்துச் சொல்லி முடிப்பதற்குள் பஸ் கிளம்பிவிடும். கட்டபொம்மன் என்பவர் பஸ் முதலாளி என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். இவ்வளவு பஸ் வைத்திருப்பவர் பெரிய பணக்காரராகத்தானே இருக்க வேண்டும்!

1997இல் எனக்கு ஏழு வயது. அந்த ஆண்டின் நடுவில் பெயர் காணாமல் போயிற்று. அதே பஸ், அதே கண்டக்டர், அதே இரைச்சல். நெற்றியில் மட்டும் 'தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம்' என்று வேறொரு நீளமான வரி.

"பேரு எங்க வாப்பா?"

"அழிச்சிட்டாங்க."

"ஏன்?"

"பேரால சண்டையாம்."

அந்தப் பதிலைப் பற்றியதுதான் இக்கட்டுரை. ஒரு வண்டியின் மேல் எழுதிய பெயரால் எப்படிச் சண்டை வரும்? வண்டியை அலங்கரிப்பது, அதன் மேல் பெயரும் படமும் எழுதுவது ஆகியவற்றை நாம் வழக்கமாக 'நாட்டார் கலை', 'வெகுமக்கள் ரசனை' என்ற தலைப்புகளில் போட்டுவிடுகிறோம். லாரியின் பின்பலகை ஓவியம், ஆட்டோவின் முதுகில் 'பிரசவத்துக்கு இலவசம்', மினி பஸ்ஸின் கண்ணாடியில் குலசாமி பெயர் இவை பற்றிச் சுவையான விவரணைகள் நிறைய வருகின்றன. இவை கொண்டாட்டங்கள் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் நமது தெருக்களில் வண்டியைக் கொண்டாடுதல் என்பது தெரு யாருடையது என்ற வழக்கில் தாக்கல் செய்யப்படும் ஓர் ஆவணமும்கூட. கொண்டாட்டத்தை மட்டும் பார்த்து வழக்கைப் பார்க்காமல் விட்டால், 1997இல் நடந்ததும் அதன் பிறகு இன்றுவரை நடந்துகொண்டிருப்பதும் நமக்குப் புரியாது.

2

ரோலாண் பார்த் 1957இல் வெளியான தனது 'மித்தாலஜீஸ்' நூலில் சித்ரோயன் கார் ஒன்றைப் பற்றி எழுதும்போது, இன்றைய கார்கள் கோதிக் தேவாலயங்களுக்கு நிகரானவை என்கிறார். பெயர் தெரியாத கலைஞர்கள் ஆவேசத்தோடு படைத்தவை. ஒரு சமூகம் முழுவதும், வாங்க வசதி இல்லாதவர்கள்கூட, பிம்பமாக நுகர்பவை என்பது அவரது ஒப்புமையின் அடிப்படை. ஐரோப்பியப் பின்னணியில் இது அழகான ஒப்புமை. தேவாலயம் நகராதது, கார் நகர்வது என்பதால்தான் அது ஒப்புமையாகவும் இருக்கிறது. நமக்கோ அந்த வேலையே மிச்சம். நம் ஊர்களில் கோயிலே நகரும். அதற்குத் தேர் என்று பெயர். வெள்ளைக்காரன் அதைக் 'கார்' என்றே மொழிபெயர்த்தான். திருநெல்வேலியிலும் சிதம்பரத்திலும் ரத வீதிகள் ஆங்கிலத்தில் 'கார் ஸ்ட்ரீட்' ஆனது அப்படித்தான். வெளியூரிலிருந்து வருபவர்கள் கார் நிறுத்துகிற தெரு போல என்று நினைத்துக்கொள்வார்கள்.

இந்த மொழிபெயர்ப்பைத் தற்செயலானது என்று நான் கருதவில்லை. தேர் என்பது அலங்கரிக்கப்பட்ட வண்டி மட்டுமல்ல. அது போகிற தெருக்கள், போகாத தெருக்கள் என்று ஊரை இரண்டாகப் பிரிக்கிறது. வடத்தை முதலில் தொடுபவர், பிறகு தொடுபவர், தொடவே கூடாதவர் என்று ஆட்களை வரிசைப்படுத்துகிறது. மெதுவாகப் போவதன் மூலம் எல்லோரையும் பார்க்கவைக்கிறது. அதன் வேகமின்மையே அதன் அதிகாரம்.

இது நமக்கு மட்டும் உரிய விஷயமும் அல்ல. அமெரிக்காவின் தென்மேற்கில் மெக்சிகோ வம்சாவழியினர் பழைய செவர்லே கார்களைத் தரையை ஒட்டித் தாழ்த்தி, ரோஜாக்களும் கன்னி மரியாளும் வரைந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் நத்தை வேகத்தில் ஊர்வலம் போவார்கள். 'லோரைடர்' என்று பெயர். 1964ஆம் ஆண்டின் இம்பாலா கார் ஒன்று, உடலெங்கும் ரோஜாக்கள் வரையப்பட்டு 'ஜிப்சி ரோஸ்' என்ற பெயரோடு, 2017இல் அந்நாட்டின் வரலாற்று வாகனப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. ஆனால் அதே கார்கள் அப்படி மெதுவாக உலாவருவதைத் தடைசெய்யும் உள்ளூர்ச் சட்டங்களைக் கலிபோர்னியா நீக்கியது 2023இல் நிறைவேறிய சட்டத்தின் மூலம்தான். கலைப்பொருளுக்கு அங்கீகாரம் முதலில், தெருவில் போகும் உரிமை பிறகு. இந்த இடைவெளியை மனதில் வைத்துக்கொண்டு நம் கடற்கரைக்குத் திரும்பலாம்.

3

காயல்பட்டினத்திலிருந்து தூத்துக்குடிக்கு ஒரு மணி நேரப் பஸ் பயணம். அங்கே பனிமய மாதா பேராலயத்தின் பொன்தேர் இருக்கிறது. 1806இல் அது முதலில் ஓடியது. செய்வித்தவர் பரதவர் சாதித் தலைவரான கபிரியேல் தக்ரூஸ் கோமஸ். தேர் செய்ததாலேயே அவர் 'தேர்மாறன்' என்று அழைக்கப்பட்டார். தேரின் உயரம் 53 அடி என்பார்கள். ஜெபமாலையில் 53 அருள்நிறை மந்திரம் என்று அதற்குக் கணக்கும் சொல்வார்கள். அது ஆண்டுதோறும் ஓடுவதில்லை. 1982, 2013, 2023 போன்ற சிறப்பு ஆண்டுகளில்தான் வடம் பிடிக்கிறார்கள். அன்றைக்குத் தூத்துக்குடித் தெருக்களில் எள் போட்டால் எள் விழாது.

தேர் செய்யப்பட்ட காலத்தை யோசித்துப் பாருங்கள். பரதவர்கள் பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் காலத்தில் கத்தோலிக்கரானவர்கள். 1658இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்ததும் கத்தோலிக்க வழிபாட்டுக்கு நெருக்கடி வந்தது. முத்துக்குளித்தலின் வருமானத்தில் பங்கு யாருக்கு என்பதை ஒவ்வொரு கொடியும் புதிதாகத் தீர்மானித்தது. போர்த்துக்கீசியர் போய் டச்சுக்காரர், டச்சுக்காரர் போய்க் கும்பினி. ஆட்சி மாறிக்கொண்டே இருந்த ஊரில் 'நாங்கள் மாறவில்லை, இந்தத் தெரு எங்களுடையது' என்று ஒரு சமூகம் அறிவிக்க வேண்டியிருந்தது. அந்த அறிவிப்பைக் காகிதத்தில் எழுதினால் எந்த அதிகாரி படிப்பான்? மரத்தில் செதுக்கி, பொன் பூசி, ஆயிரக்கணக்கான கைகளால் இழுத்துக் காட்டினார்கள். வடிவம் இந்துக் கோயில் தேரிலிருந்து எடுக்கப்பட்டது. மேலே இருப்பவள் மாதா. பண்பாட்டுக் கலப்பு என்று இதைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. இந்த மண்ணில் தெருவுக்கு உரிமை கோர வேண்டுமானால் எல்லோருக்கும் புரியும் ஒரே மொழி தேர்மொழி என்று அந்தச் சமூகம் கண்டுகொண்டது. சூசன் பெய்லி 1980களில் பரதவர் பற்றி எழுதிய ஆய்வுகள் சாதித் தலைமை, திருவிழா மரியாதை, பாதிரிமார் அதிகாரம் மூன்றுக்கும் இடையிலான இழுபறியை விரிவாகக் காட்டுகின்றன. தேரின் வடம் அந்த இழுபறியின் வடமும்தான்.

அதே மொழியின் மறுபக்கம் கண்டதேவி. சிவகங்கை மாவட்டத்தின் சொர்ணமூர்த்தீஸ்வரர் கோயில் தேரின் வடத்தை நான்கு நாட்டார் பிடிக்கும் மரபு. தலித்துகளும் வடம் பிடிப்போம் என்று 1990களின் இறுதியில் கேட்டபோது தேரே நின்றுபோனது. பிறகு நீதிமன்றமும் போலீசுமாகச் சில ஆண்டுகள் ஓடியது, பல ஆண்டுகள் ஓடாமல் கிடந்தது. நீண்ட இடைவெளிக்குப் பின் 2024இல் பாதுகாப்போடு ஓடியது. இதில் கவனிக்க வேண்டியது ஒரு விசித்திரமான தர்க்கம்: 'அவர்கள் தொடுவதைவிட யாருமே தொடாமல் தேர் நிற்பது மேல்.' இந்தத் தர்க்கத்தை நினைவில் வையுங்கள். பஸ் விஷயத்தில் இதையே அரசாங்கம் கையிலெடுத்தது.

4

1972இல் தி.மு.க. அரசு தனியார் பஸ் தடங்களை அரசுடைமையாக்கிப் போக்குவரத்துக் கழகங்களைத் தொடங்கியது. சென்னைக்குப் பல்லவன், மதுரைக்குப் பாண்டியன், கும்பகோணத்துக்குச் சோழன், கோவைக்குச் சேரன். மூவேந்தரும் பல்லவரும் டீசலில் ஓட ஆரம்பித்தார்கள். முதலாளியின் இனிஷியல் இருந்த இடத்தில் அரச வம்சத்தின் பெயர். இன்று சிரிப்பு வரலாம். ஆனால் திராவிட இயக்கத்தின் வரலாற்றுக் கற்பனை மேடையையும் சினிமாவையும் தாண்டி ஒவ்வொரு கிராமத்துப் புளியமரத்தடிக்கும் போய்ச் சேர்ந்தது இந்த வண்டிகளில்தான். உள்ளே குறள் பலகை, ஜன்னலோரம் 'கரம் சிரம் புறம் நீட்டாதீர்' என்ற எச்சரிக்கை, வெளியே அரசன் பெயர். பள்ளிக்கூடம் போகாதவனுக்கும் பஸ் ஒரு பாடப்புத்தகம். எனக்கும் அதுதானே நடந்தது.

1974இல் பாண்டியனிலிருந்து திருநெல்வேலி தனியாகப் பிரிந்தபோது கட்டபொம்மன் பெயர் வந்தது. அதே 1974இல்தான் பாஞ்சாலங்குறிச்சியில் அரசு நினைவுக் கோட்டையைக் கட்டியது. கோட்டை ஒரே இடத்தில் நிற்கும், பஸ் ஊர் ஊராகப் போகும் என்பதே வித்தியாசம். பிறகு நாகர்கோவிலுக்கு நேசமணி, காரைக்குடிக்கு மருதுபாண்டியர், திருச்சிக்குத் தீரன் சின்னமலை, திண்டுக்கல்லுக்கு ராணி மங்கம்மாள் என்று பட்டியல் நீண்டது. மாவட்டங்களுக்கும் இதே கதை. நெல்லை கட்டபொம்மன் மாவட்டம், 1986இல் அதிலிருந்து பிரிந்த சிதம்பரனார் மாவட்டம் (எங்கள் மாவட்டம்), பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் மாவட்டம், காமராசர் மாவட்டம், நாகை காயிதே மில்லத் மாவட்டம்.

இப்பட்டியலில் ஒரு நகர்வு இருக்கிறது. முதலில் வந்த பெயர்கள் வம்சங்கள். அவற்றுக்கு இன்று நேரடி வாரிசு உரிமை கோர யாரும் இல்லை (கோருபவர்கள் அதிகம் என்பது வேறு விஷயம்). பிறகு வந்த பெயர்கள் ஆட்கள்; ஒவ்வொரு ஆளுக்கும் பின்னால் ஒரு வட்டாரமும் ஒரு சாதியும் ஓட்டும் இருந்தன. அதாவது, பெயர் சூட்டுதல் படிப்படியாகக் கோயில் முதல்மரியாதையின் வடிவத்தை எடுத்துக்கொண்டது. பரிவட்டம் யாருக்கு என்ற கேள்வி பஸ்ஸின் நெற்றிக்கு வந்துவிட்டது. அல்தூசர் சித்தாந்தம் மனிதரை விளிக்கிறது என்பார். தெருவில் 'ஏய்' என்று போலீஸ்காரன் கூப்பிட, திரும்பிப் பார்ப்பவன் அந்தக் கணமே குடிமகனாகிறான். நம்மூர்ப் பஸ் அப்படிக் கூப்பிட்டுக்கொண்டே ஓடியது. திரும்பிப் பார்த்தவர்கள் சிலர் பெருமையோடு பார்த்தார்கள். தங்கள் பெயர் எப்போது வரும் என்று மற்றவர்கள் பார்த்தார்கள்.

5

1997 ஏப்ரல், மே மாதங்களில் அந்த 'எப்போது' வந்தது. விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட புதிய கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் அறிவிக்கப்பட்டது.

சுந்தரலிங்கம் யார்? ஓட்டப்பிடாரம் பக்கத்துக் கவர்ணகிரியைச் சேர்ந்தவர், கட்டபொம்மனின் தளபதி. 1799இல் கும்பினியின் வெடிமருந்துக் கிடங்கை அழித்துத் தானும் மடிந்தார் என்பது மரபு. தேவேந்திரகுல வேளாளர் சமூகத்தவர். கட்டபொம்மன் பெயர் 23 ஆண்டுகள் பஸ்ஸில் ஓடியிருக்கிறது. அவனுக்காக உயிர்விட்ட தளபதியின் பெயர் மட்டும் ஓடக்கூடாது என்று முக்குலத்தோர் அமைப்புகள் சில கொடிபிடித்தன. அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் நாங்கள் ஏறமாட்டோம் என்பது அவர்களின் வாதம். விருதுநகர் மாவட்டத்தில் மோதல்கள் வெடித்தன, உயிர்கள் போயின.

'ஏறமாட்டோம்' என்ற சொல்லை நிதானமாக வாசிக்க வேண்டும். பஸ்ஸில் ஏறுவது என்றால் டிக்கெட் எடுத்து உட்கார்ந்து இறங்குவது. பெயருக்கும் பயணிக்கும் அதில் என்ன சம்பந்தம்? சோழன் பஸ்ஸில் போகிறவன் சோழனின் குடியாகிவிடுவதில்லையே. ஆனால் தேர்மொழியில் அப்படி இல்லை. ஒரு பெயரின் கீழ் சுமக்கப்படுவது, அந்தப் பெயரின் மேன்மையை ஒப்புக்கொள்வது. கட்டபொம்மன் பெயரின் கீழ் உட்கார்ந்தவர்களுக்குச் சுந்தரலிங்கம் பெயரின் கீழ் உட்கார முடியவில்லை என்றால், பஸ் அதுவரை வெறும் பஸ்ஸாக இருந்ததே இல்லை. அது சக்கரம் வைத்த சாதி வரிசையாகவே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அந்த ஒரு பெயர் அதை வெளிச்சம் போட்டுக் காட்டியது.

சென்னையில் அம்பேத்கர் பெயரில் ஒரு போக்குவரத்துக் கழகம் தொண்ணூறுகளிலேயே ஓடவில்லையா என்று ஒருவர் கேட்கலாம். ஓடியதுதான். பெருநகரத்தில், அகில இந்தியத் தலைவரின் பெயர். கவர்ணகிரி என்பது அடுத்த ஊர். தொலைவில் இருக்கும் தலித் அடையாளத்தைச் சகித்துக்கொள்ளும் மனம், பக்கத்து ஊர்க்காரனின் வீரத்தைச் சகித்துக்கொள்வதில்லை. உள்ளூர்ப் பெருமை என்று நாம் கொண்டாடும் விஷயத்தின் விஷப்பல் இங்கேதான் இருக்கிறது.

பின்னணியும் வெறுமையானதல்ல. 1995 ஜூலையில் வீரசிகாமணியில் ஒரு பஸ் தகராறில் கிளம்பிய பொறி தென்மாவட்டங்கள் முழுக்கப் பரவி, ஆகஸ்ட் 31இல் எங்கள் மாவட்டத்துக் கொடியன்குளத்தில் போலீசின் வெறியாட்டமாக முடிந்தது. 1997 ஜூன் 30இல் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடனிருந்த ஐந்து பேரும் மதுரையிலிருந்து திரும்பும் வழியில் பஸ்ஸை மறித்துக் கொல்லப்பட்டார்கள். தனக்கு ஒதுக்கப்பட்ட பதவியில் ஒரு தலித் உட்கார்ந்ததற்காக. இந்த மூன்று சம்பவங்களிலும் பஸ் இருக்கிறது. தீண்டாமை காக்கப்பட்ட ஊர்த்தெருவில், காசு கொடுத்தால் யாரும் யார் பக்கத்திலும் உட்காரலாம் என்ற ஒரே இடம் பஸ். ஆத்திரம் அதைத் தேடி வந்ததில் ஆச்சரியமில்லை.

1997 ஜூலையில் அரசு முடிவெடுத்தது. சுந்தரலிங்கம் பெயரை மட்டும் நீக்கவில்லை. எல்லாப் பெயர்களையும் நீக்கியது. போக்குவரத்துக் கழகங்கள், மாவட்டங்கள் எல்லாவற்றிலும். பாண்டியனும் போனான், கட்டபொம்மனும் போனான், சிதம்பரனாரும் போனார். நடுநிலை என்று அன்று பலர் பாராட்டினார்கள். பற்றி எரிகிற நேரத்தில் ஓர் அரசு வேறென்ன செய்யும் என்ற நியாயத்தை நான் முழுக்க மறுக்கவில்லை. உயிர்கள் பெயர்களைவிட முக்கியமானவை. எனினும், இந்தச் சமத்துவம் எந்தக் கணத்தில் பிறந்தது என்று பார்க்க வேண்டும். 25 ஆண்டுகள் பெயர்கள் ஓடின. வரிசையில் நின்ற கடைசி ஆளின் முறை வந்ததும் வரிசையே கலைக்கப்பட்டது. கண்டதேவித் தர்க்கம்தான் இது. 'அவர்கள் தொடுவதைவிட யாருமே தொடாமல் நிற்பது மேல்.' அழித்தல் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது, இழப்பு பொதுவாக இல்லை. கட்டபொம்மனுக்குச் சினிமா இருக்கிறது, கோட்டை இருக்கிறது. சுந்தரலிங்கத்துக்கு அந்தப் பஸ் இருந்திருக்கும்.

6

அழித்த பெயர்கள் எங்கே போயின? அரசு வண்டியிலிருந்து இறங்கிய பெயர் சொந்த வண்டியில் ஏறிக்கொண்டது. தென்மாவட்டச் சாலைகளில் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். வேன் கண்ணாடியில் மீசை வைத்த தலைவர், பைக்கின் டேங்கில் இரண்டு நிறக் கோடு, காரின் பின்புறம் 'ஆண்ட பரம்பரை', சின்ன எழுத்தில் ஊர்ப் பெயர். ஸ்டிக்கர் வெட்டும் கடைகளுக்கு நல்ல வியாபாரம். முன்பு அரசு, எல்லோருக்கும் சேர்த்து ஒரு பட்டியலை எழுதியது. அதில் குறையிருந்தால் சண்டையாவது போடலாம். இப்போது அவரவர் பட்டியலை அவரவர் ஓட்டுகிறார்கள். ஒருவர் வண்டியை இன்னொருவர் படித்துவிட்டு ஒதுங்குகிறார் அல்லது உரசுகிறார்.

இந்தச் சரிவின் கடைசிப் படி சைக்கிள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனும் அவன் தங்கையும் உடன்படித்த மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்ட பின், அரசு நீதிபதி சந்துருவைக் கொண்டு ஒருநபர்க் குழு அமைத்தது. 2024 ஜூனில் அளிக்கப்பட்ட அவரது பரிந்துரைகளில் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி ஆகியவற்றோடு இன்னொன்றும் இருக்கிறது: சாதியைக் குறிக்கும் வண்ணம் பூசிய சைக்கிளில் மாணவர்கள் வரக்கூடாது. அதை வாசித்தபோது எனக்கு ஏழு வயதில் வாசித்த பஸ் நினைவுக்கு வந்தது. நான் நெற்றியில் பெயரைப் படித்த வயதைச் சற்றே தாண்டிய பையன்கள், தங்கள் சைக்கிளுக்கு நெற்றி எழுதுகிறார்கள். அதில் ஒரு கலை இருக்கிறது. பிரஷ் பிடித்து நேர்த்தியாகக் கோடு இழுக்கிற ஆசை இருக்கிறது. அந்த ஆசைக்கு வேறு எதைக் கொடுத்தோம்?

இடையில் ஒரு முரண். 2011இல் மத்திய அரசு தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வ.உ. சிதம்பரனார் பெயரைச் சூட்டியது. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களைக் கொண்டுவந்தவருக்குத் துறைமுகம் பொருத்தம்தான். நான் மகிழ்ந்தேன். ஆனால் மாவட்டத்திலிருந்து அழித்த பெயர் துறைமுகத்துக்கு எந்தச் சலசலப்பும் இல்லாமல் வர முடிந்திருக்கிறது என்றால், பெயர் சூட்டுவதால் சண்டை வரும் என்ற 1997இன் பொதுவிதி பொய். சில பெயர்களுக்குத்தான் சண்டை வரும். எவற்றுக்கு என்பது எல்லோருக்கும் தெரியும்.

7

இவ்வளவும் எழுதுகிறவன் காயல்பட்டினத்தான். 'உங்கள் வண்டிகளின் நெற்றியில் என்ன இருக்கிறது?' என்று கேட்பது நியாயம்.

மார்க்கோ போலோ பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் 'காயல்' என்று எழுதிய துறையில் ஹோர்முஸ், ஏடன் பக்கமிருந்து குதிரை ஏற்றிய கப்பல்கள் வந்து நின்றன. அது தாமிரபரணி முகத்துவாரத்துப் பழையகாயல் என்றார் கால்டுவெல். எங்களூர்க்காரர்கள் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். எதுவாயினும், பாண்டியனின் குதிரைப்படைக்கு வாகனம் வந்திறங்கிய கடற்கரை இது. மரக்காயர் என்ற பெயரை மரக்கலத்தோடு சேர்த்துப் பொருள் சொல்வோர் பலர். அரபியில் கப்பலைக் குறிக்கும் 'மர்கப்' என்போரும் உண்டு. எப்படிப் பார்த்தாலும் கப்பல். தூத்துக்குடியில் தேர் செய்தவர் தேர்மாறன் ஆனார். இங்கே கலம் ஓட்டியவர் மரக்காயர் ஆனார். வாகனத்துக்குச் சமூகம் பெயர் வைப்பதற்கு மாறாக, வாகனம் சமூகத்துக்குப் பெயர் வைத்திருக்கிறது. செய்த வேலையால் வந்த பெயருக்கும் பிறப்பின் மேன்மையைப் பறைசாற்றும் பெயருக்கும் உள்ள தூரம் சிறியதல்ல.

எங்கள் பள்ளிவாசல்களின் கல்தூண்கள் பாண்டிநாட்டுக் கோயில் தூண்களின் உறவுக்காரர்கள். உருவங்கள் மட்டும் இருக்காது. கொடியும் பூவும் எழுத்தும்தான். வண்டிகளிலும் அப்படியே. உருவம் இல்லை, சில வண்டிகளில் '786' உண்டு. பிஸ்மில்லாஹ் வாசகத்தின் எழுத்துகளுக்கு அப்ஜத் முறையில் எண் கொடுத்துக் கூட்டினால் வரும் தொகை அது. புனிதமான வாசகத்தின் மேல் சாலைப் புழுதி படக்கூடாது என்பதற்காக எண்ணாக்கி மறைக்கிறோம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். மார்க்கத்தில் இதற்கு ஆதாரமில்லை என்று மறுப்பவர்களும் ஊரில் உண்டு. எனக்குப் பிடித்தது அந்த மறைக்கும் குணம். மதிப்பதை உரக்க எழுதாமல் இருக்கவும் ஒரு வழி இருக்கிறது. ஆனால் இதைச் சொல்லி நாங்கள் மேலானவர்கள் என்று காட்டிக்கொள்ள முடியாது. 786ஐ வைத்து அடையாளம் கண்டு உரசுகிற காலத்தில் எண்ணும் பெயராகிவிடுகிறது. குலப்பெருமையும் எங்கள் தெருக்களுக்குத் தெரியாததல்ல.

எங்களூரில் பஸ் பற்றிய பழைய மனத்தாங்கல் ஒன்று உண்டு. திருச்செந்தூருக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் ஓடும் சில பஸ்கள் ஊருக்குள் வராமல் வேறு தடத்தில் திரும்பிவிடும். ராத்திரி நேரத்தில் பிள்ளை குட்டியோடு நிற்கும் பெண்கள், "அண்ணாச்சி, காயல்பட்டணத்துக்குள்ள போவுமா?" என்று ஒவ்வொரு பஸ்ஸாகக் கேட்டு ஏற வேண்டும். ஊர்க்காரர்கள் கேட்டுக்கொண்டிருப்பது ஒரே ஒரு வரி: பலகையில் 'வழி காயல்பட்டினம்' என்று எழுதுங்கள், எழுதியபடி வாருங்கள். 2021இல் மாரி செல்வராஜின் 'கர்ணன்' படத்தில் பஸ் நிற்காத கிராமத்தைப் பார்த்தபோது எங்களூர்ப் பலர் இதைப் பேசிக்கொண்டார்கள். இரண்டும் ஒன்றல்ல. வசதியுள்ள வணிகர் ஊரின் அசௌகரியத்தைக் கொடியன்குளத்தின் ரத்தத்தோடு சேர்த்துப் பேசுவது அநியாயம். ஆனால் பஸ்ஸில் எழுதப்படும் பெயர்களில் இரண்டு வகை உண்டு என்பதை அந்தப் பேச்சில்தான் நான் கண்டுகொண்டேன். நெற்றியில் எழுதுவது வண்டி யாருடையது என்று சொல்கிறது. பலகையில் எழுதுவது வண்டி யாருக்காக நிற்கும் என்று சொல்கிறது.

1997இல் நெற்றியைத் துடைத்தார்கள். பலகை அப்படியே இருந்தது. எந்த ஊருக்குள் பஸ் போகும், எந்தக் காலனி வாசலில் நிற்கும், எந்த நிறுத்தத்தில் டிரைவர் கால் பிரேக்குக்குப் போகாது என்பதெல்லாம் மாறாமல் இருந்தன. சுந்தரலிங்கம் பெயர் பஸ்ஸில் வர வேண்டும் என்று கேட்டவர்கள் வெறும் பெருமைக்காகக் கேட்கவில்லை என்று நான் நம்புகிறேன். நெற்றியில் எங்கள் பெயர் இருந்தால் எங்கள் ஊரில் நின்றுதானே ஆக வேண்டும் என்ற கணக்கும் அதில் இருந்திருக்கும். பெயரை மறுத்தபோது நிறுத்தமும் சேர்த்தே மறுக்கப்பட்டது.

வாப்பா இப்போது இல்லை. "பேரால சண்டையாம்" என்று அவர் சொன்னது பாதிதான் சரி. சண்டை பெயரால் வந்ததல்ல. அந்தப் பெயர் எழுதிய பஸ், இவ்வளவு காலமும் நிற்காமல் போன ஓர் ஊரில் நின்றுவிடுமோ என்பதால் வந்தது.